ஈ ஓட்டும் மாதங்களுக்கான செலவு

கட்டட ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கதவு, எத்தனை ஆள் கூலி என்று கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மண்டபத்தின் கூரையைத்தான் முதலில் பார்ப்பாள்; மாப்பிள்ளையை அப்புறம் பார்ப்பாள். அவள் சொல்லும் தொகையைக் கேட்டு முகம் சுளிக்காத ஆளே கிடையாது. வீடு கட்டி முடித்தபின் அவளைத் தேடி வந்து, நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டவர்களும் அதிகம் கிடையாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. கணவர் நீண்டதூர லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு வீட்டு மனிதர் என்று பக்கத்திலேயே இருந்தது தம்பி ஒருவன்தான்.

அந்தத் தம்பி விமான நிலையத்துக்குள் இருந்த ஒரு காபிக் கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கையில் சொர்க்கம் இருக்கிறது என்று அவன் போட்ட காபியைக் குடித்தவர்கள் சொல்வார்கள். பாலை நுரைக்கும்போது சத்தத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவான். விமானத்தைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்றவர்களைக்கூட ஒரு கோப்பையைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறான். ஆனால் காசு விஷயத்தில் அவன் சல்லடை. அந்தக் கடையை நடத்திய நிறுவனம் ஒருநாள் கிளையை மூடிவிட்டு, ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பியது. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கூட மாற்றாமல் மனைவியிடம், இனிமேல் யாருக்கும் கீழே வேலை பார்ப்பதில்லை, சொந்தக் கடைதான் என்று சொல்லிவிட்டான்.

அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் தேவையானதை மட்டும்தான் பேசுவாள். அன்று அவள் சொன்னது ஒன்றுதான். அண்ணியைக் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள் என்றாள்.

அப்படித்தான் அளவக்கா அந்த இடத்தைப் பார்க்க வந்தாள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தெருவில் இரண்டு மாடிக் கட்டடம். மேலே பல் டாக்டர் ஒருவரின் மருத்துவமனை. கட்டடமும் அவருடையதே. கீழே இருந்த துணிக்கடை காலி செய்துவிட்டுப் போயிருந்தது. தரை முழுக்க ரப்பர் விரிப்பு ஒட்டியிருந்தார்கள். பின்மூலையில் பழைய துணி அலமாரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தம்பி வாசலில் நின்றபடியே, இங்கே மேடை, அங்கே இயந்திரம், ஜன்னலோரம் நான்கு உயரமான நாற்காலி என்று காற்றிலேயே கடையைக் கட்டி முடித்துவிட்டான். அவள் சுவரை அளந்தாள். மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர்க் குழாய் எங்கிருந்து வருகிறது, கழிவு எந்தப் பக்கம் போகிறது என்று தெருவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் தொகையைச் சொன்னாள். அவன் மனதில் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு.

தம்பி முதலில் சிரித்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள். இப்போது இருக்கும் மின்கம்பி காபி இயந்திரத்தைத் தாங்காது, புதிய இணைப்பு வேண்டும். கழிவுக் குழாய்க்குச் சரிவு போதாது, மேடைக்குப் பின்னால் தரையை உயர்த்த வேண்டும். உரிமக் கட்டணம், காப்பீடு, பெயர்ப் பலகை, உடையப்போகும் கோப்பைகள், திரிந்துபோகும் பால், கை பழகும்வரை கொட்டப்போகும் காபி. அதுவரை அவன் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். கடைசியாக, ஆறு மாத வீட்டுச் செலவையும் கடை வாடகையையும் தனியாக எடுத்து வைக்கவேண்டும் என்று அவள் சொன்னபோது அவன் முகம் மாறியது.

"அது எதுக்கு?"

"ஆரம்பத்துல ஆள் வரமாட்டாங்கடா. வர்ற வரைக்கும் நீங்க சாப்பிடணும்ல?"

"அப்ப ஆறு மாசம் நான் ஈ ஓட்டப்போறேன். அதுக்கும் விலை போட்டு வச்சிருக்க."

அவள் சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். எல்லாக் கடைக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். சின்ன வயதிலிருந்து தான் எதைத் தொட்டாலும் அக்காவுக்கு அது உடையும் என்றுதான் தோன்றும் என்றான். ஊரான் வீட்டுக்கெல்லாம் நம்பிக்கையோடு கணக்குப் போடுகிறவள், சொந்தத் தம்பிக்கு மட்டும் தோல்வியைக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள் என்றான். அவளுக்கும் சுருக்கென்றது. உனக்குப் பிடித்த தொகையைச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால் கடைத்தெருவில் நிறைய பேர் கிடைப்பார்கள், போய்க் கேள் என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவன் போய்க் கேட்டேவிட்டான். காபி இயந்திரம் விற்கும் முகவர் ஒருவர், இந்த வேலையில் ஊறிப்போனவர் போலப் பேசுகிறவர், அவள் சொன்னதில் பாதியில் கடையைத் திறந்து காட்டுகிறேன் என்றார். ஈ ஓட்டும் மாதங்கள் அவர் கணக்கில் இல்லவே இல்லை. திறந்த அன்றே வரிசை நிற்கும் என்றார். தம்பி அந்த வாரமே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பல் டாக்டருக்கு முன்பணம் கொடுத்தான். கையிலிருந்தது போதாமல் மனைவியின் வளையல்களும் அடகுக்குப் போயின. இதெல்லாம் அளவக்காவுக்கு அவன் மனைவி சொல்லித்தான் தெரியும். அவன் பேசுவதையே நிறுத்தியிருந்தான். அவளும் வீம்புக்குப் பேசாமலிருந்தாள். வீட்டில் கணவர் கேட்டபோது, அவனாச்சு அவன் கடையாச்சு என்றாள். ஆனால் பேருந்தில் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பியது. கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டார்கள். மழமழவென்று கருங்கல் மேடை வந்துவிட்டது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். இறங்கமாட்டாள்.

ஒருநாள் மதியம் அவள் ஒரு கட்டடத்தில் படிகளை அளந்துகொண்டிருந்தபோது தம்பி மனைவி மருந்துக்கடையிலிருந்து போன் செய்தாள். வழக்கம்போல நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, மேடை வச்சதிலேருந்து தரைல நடந்தா சத்தம் வேற மாதிரி வருதாம். தட்டுல வச்ச கோப்பையெல்லாம் கிலுகிலுன்னு ஆடுதாம். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல."

"எந்த இடத்துல?"

"பின்னாடி மூலைல. இன்னைக்கு பெரிய குளிர்பெட்டி வருது."

பின்மூலை என்றதும் அவள் அளவு நாடாவைப் பாதியிலேயே சுருட்டினாள். அலமாரிகள் குவிந்து கிடந்த இடம். அன்று அவற்றை நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். விரிப்பைக் கிழித்துத் தரையைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். யார் கட்டடமாக இருந்தாலும் அவள் அதைச் செய்யாமல் விட்டதில்லை. அன்று தம்பி காற்றில் நாற்காலி போட்டுக்கொண்டே இருந்ததில் எரிச்சல் வந்து, சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். தலையில் இருந்த பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் தம்பிக்குப் போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. அவள் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விடுகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

கடை வாசலில் வண்டி நின்றது. இரண்டு சுமைக்காரர்கள் ஆள் உயரக் குளிர்பெட்டியைச் சக்கரப் பலகையில் ஏற்றி, கதவு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்சக்கரங்கள் உள்ளே வந்துவிட்டன. தம்பி மேடைக்குப் பின்னால், மூலையில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையசைத்துக்கொண்டிருந்தான். அளவக்கா அவர்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். விரிப்பை எடுத்துவிட்டுப் புதிய தரை ஓடு பதித்திருந்தார்கள். அந்தப் பளபளப்பான ஓட்டின்மேல், மேடையைச் சுற்றி, மயிரிழை போல ஒரு வெடிப்பு நேர்க்கோடாக ஓடி, திரும்பி, மறுபடியும் நேர்க்கோடாக ஓடியது. சும்மா விழும் வெடிப்பு கோணல்மாணலாக ஓடும். இது கதவு போலச் சதுரமாக இருந்தது. அடியில் ஒரு மூடி இருக்கிறது என்று அர்த்தம். மூடி இருந்தால் அதற்கு அடியில் குழி இருக்கிறது, பழைய கட்டடங்களில் அது பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி.

"தள்ளாதீங்க. அப்படியே நிறுத்துங்க."

சுமைக்காரர்கள் நிறுத்தினார்கள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அக்காவைக் கண்டதும் அவன் தாடை இறுகியது.

"வந்துட்டியா? இதையும் நிறுத்தியாச்சா?"

குரலை உயர்த்தினால் அவன் கோபத்தில் அவளை நோக்கி நடந்து வந்துவிடுவான். அவனுக்கும் கதவுக்கும் நடுவே இருந்தது அந்தச் சதுரம். ஒரு காலை அவன் ஏற்கெனவே அதன்மேல் வைத்திருந்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அங்கேயே நில்லு. காலத் தூக்காத. உன் காலடியில தொட்டி இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரக் கட்டையை முறிப்பதுபோல, மெல்லிய சத்தம். மேடையின் ஓரத்தில் அடுக்கியிருந்த தட்டுகள் ஒரு பக்கமாக நகர்ந்தன. அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது.

அவள் சுமைக்காரர்களிடம் குளிர்பெட்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்கச் சொன்னாள். அவர்களும் நிலைமையைப் புரிந்துகொண்டு மூச்சுவிடாமல் இழுத்தார்கள். பெயர்ப் பலகை மாட்டுகிறவர் வாசலில் ஒரு மர ஏணியைச் சாய்த்துவைத்திருந்தார். அதை வாங்கி வந்து, தரையில் படுக்கைவாக்கில் தள்ளினாள். ஒரு முனை வெடிப்புக்கு இந்தப் பக்கம் கெட்டித் தரையில் இருக்க, மறுமுனை அவன் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் போய்ச் சேர்ந்தது. அவள் இந்தப் பக்க முனையின்மேல் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சுமைக்காரரில் ஒருவர் அவள் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"நிக்காத. படுத்துக்கோ. தவழ்ந்து வா."

"மேடை?"

"மேடை கிடக்கட்டும். என்னப் பாத்து வா."

நன்றாக வளர்ந்த மனிதன், புதிதாகத் தைத்த கடைச் சட்டையோடு, ஏணிச் சட்டங்களைப் பிடித்துக் குழந்தை மாதிரி தவழ்ந்து வந்தான். பாதி வழியில் ஏணி ஆடியது. அவன் நின்றுவிட்டான். கண் கீழே போயிற்று. அவள் அவனை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான பிறகு அந்தப் பெயரால் கூப்பிடவேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அதைக் கேட்டதும் தலையைத் தூக்கி மறுபடியும் வந்தான். கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் அவளும் சுமைக்காரரும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மூவரும் ஒருவர்மேல் ஒருவராக வாசல்படியில் விழுந்தார்கள்.

அவர்கள் எழுந்திருப்பதற்குள் கருங்கல் மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. ரொம்ப நிதானமாகச் சாய்ந்தது என்று தம்பி பின்னாளில் சொல்வான். பிறகு தரை வாய் திறந்தது. கல்லும் ஓடும் தட்டுகளும் ஏணியும் உள்ளே போயின. விழுந்த சத்தத்துக்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வருஷக்கணக்காக மூடிக்கிடந்த தண்ணீரின் நாற்றம் தெருவரை வந்தது.

பல் டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கியபடி மாடியிலிருந்து ஓடி வந்தார். குழியைப் பார்த்தார். என் தரையை உடைத்துவிட்டீர்களே என்றார். யாருக்காவது அடிபட்டதா என்று அதற்கப்புறம்தான் கேட்டார். தம்பி நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். அளவக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மூலைய நான் பாக்கவே இல்லடா" என்றாள். "உன்மேல இருந்த எரிச்சல்ல விட்டுட்டேன். என் கணக்குலயும் அது இல்ல."

அவன் திரும்பிப் பார்க்காமல், வளையலெல்லாம் போய்விட்டது என்று மட்டும் சொன்னான். மேடைக்குக் கொடுத்த பணம் தண்ணீருக்குள் போய்விட்டது. குழியை மூடும் செலவையும் பல் டாக்டர் தங்கள் தலையில்தான் கட்டுவார். முன்பணம் திரும்பி வராது. அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் கூட்டிப்பார்த்தாள். கூட்டிய தொகை அவளையே மிரட்டியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் மாடிக்குப் போனார்கள். டாக்டர் அவர்களை நோயாளிகள் உட்காரும் கூடத்திலேயே உட்காரவைத்தார். உள்ளே அவருடைய உதவி டாக்டர் யாருக்கோ பல் ராவும் சத்தம் கேட்டது. டாக்டர் ஒப்பந்தத்தை மேஜையில் வைத்து, கட்டடத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு வாடகைக்காரரே பொறுப்பு என்ற வரியை விரலால் காட்டினார். தாங்கமுடியாத பாரத்தை ஏற்றினால் எந்தத் தரையும் உடையத்தான் செய்யும் என்றார். அப்படியொரு தொட்டி அங்கே இருப்பது தனக்குத் தெரியவே தெரியாது, அப்பா காலத்துக் கட்டடம் என்றார். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தப்போனவனை அவள் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? நேத்து கீழ வந்தீங்க, குழியப் பாத்தீங்க. வேடிக்கை பார்க்க நின்னவங்க எல்லாரும் கேட்டாங்க, எவ்வளவு ஆழம்னு. நீங்க மட்டும் கேக்கல."

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். உள்ளே ராவும் சத்தம் நின்றிருந்தது. தம்பி அக்காவைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான்.

"மூடினப்ப நான் சின்னப் பையன்" என்றார் கடைசியில். "புதுக் குழாய் வந்ததும் அப்பா மேல சிலாப் போட்டு மூடிட்டார். துணிக்கடைக்காரங்க இத்தனை வருஷம் இருந்தாங்க, ஒண்ணும் ஆகல. நானும் மறந்தேபோனேன்."

மறந்தது உண்மையா என்று அவள் துருவவில்லை. துருவினால் அவர் மறுபடியும் ஒப்பந்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார். அதற்குப் பதிலாக, காலையில் கீழே விளக்கு அடித்துப் பார்த்ததைச் சொன்னாள். தொட்டியின் சுவர் ஒரு பக்கம் கரைந்திருக்கிறது. அதை ஒட்டினாற்போலத்தான் கட்டடத்தின் மூலைத் தூண் இறங்குகிறது. அந்தத் தூணுக்கு நேர் மேலே இருப்பது அவருடைய சிகிச்சை நாற்காலி. இன்றைக்கு விழாது, நாளைக்கும் விழாது, ஆனால் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டு ஓடு பதித்தால் வேலை முடிந்ததாக ஆகாது என்றாள். தான் சொல்வதை நம்பவேண்டாம், அவருக்குத் தெரிந்த பொறியாளரையே கூட்டிவந்து காட்டட்டும் என்றாள். அவள் மிரட்டவில்லை. எந்த வீட்டுக்காரரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். டாக்டர் எழுந்து, நோயாளி காத்திருந்த அறையின் கதவு வரை போய், தரையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பேரம் மதியம் வரை இழுத்தது. தூணைப் பலப்படுத்துவதும் தொட்டியை நிரப்பி மூடுவதும் டாக்டர் செலவு. அது முடியும்வரை வாடகை கிடையாது. உடைந்த மேடைக்கு அவர் ஒரு காசும் தரமாட்டேன் என்று நின்றார். கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல் கல்லை ஏற்றியது தான்தானே என்று தம்பியே அதை விட்டுக்கொடுத்தான். படியிறங்கும்போது அக்காவின் கையிலிருந்த பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டான்.

அந்த வேலை முடிய நாளாயிற்று. அதற்குள் தம்பியும் அவன் மனைவியும் அளவக்காவும் மறுபடியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தொகையைச் சொன்னவன் தம்பி. அவள் கேள்வி மட்டும் கேட்டாள். கருங்கல் மேடைக்குப் பதில் மர மேடை. பெரிய இயந்திரத்துக்குக் கொடுத்த முன்பணத்தை முகவரோடு சண்டை போட்டு, கொஞ்சம் நட்டத்தோடு திரும்ப வாங்கி, கைமாறிய சிறிய இயந்திரம் ஒன்று. உயரமான நாற்காலிகள் வேண்டாம், நின்று குடித்துவிட்டுப் பேருந்து பிடிக்கட்டும். ஆறு மாதச் செலவு என்று வந்தபோது அவன் நிறுத்தினான். எங்கிருந்து எடுப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மருந்துக்கடைச் சம்பளத்தில் வீடு ஓடட்டும், கடையிலிருந்து ஒரு பைசா வீட்டுக்கு வேண்டாம் என்று அவன் மனைவி சொன்னாள். வாடகைப் பங்கை நான் வைக்கிறேன், கடனாக வைக்கிறேன் என்றாள் அக்கா. அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவன் சரி என்றான்.

கடை திறந்த அன்று வரிசை நிற்கவில்லை. பெயர்ப் பலகைக்காரர் வந்தார், சுமைக்காரர்கள் வந்தார்கள், டாக்டரின் நர்ஸ் வந்தாள். அடுத்த வாரங்களில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பேருக்குமேல் எட்டிப் பார்க்காத நாட்களும் இருந்தன. மாலையில் தம்பி மிஞ்சிய பாலைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்க்க முடியாமல் அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருமுறை அவன் பழைய வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று யாரிடமோ போனில் கேட்டது அளவக்காவின் காதில் விழுந்தது. அவள் கேட்காததுபோல இருந்துவிட்டாள். எடுத்துவைத்த பணம் தேய்ந்துகொண்டே வந்து, அடி தெரிகிற நேரத்தில்தான் நிறுத்தத்தில் நிற்கும் அலுவலகக் கூட்டம் பழகியது. காலைப் பேருந்து வருவதற்கு முன் ஒரு கோப்பை, இறங்கியபின் ஒரு கோப்பை என்று ஆனது. டாக்டரும் இறங்கி வருவார். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது போட்டுக்கொள்வார்.

வளையல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டு வந்தன. அக்காவின் கடனில் பாதி அடைந்திருக்கிறது. மீதிக்கு அவள் அவசரப்படுத்துவதில்லை. ஆனால் மறந்துவிட்டதாகவும் காட்டிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பை கழுவ வருகிறாள். நீ வந்தால் கூட்டம் குறைந்துவிடுகிறது, எல்லோரையும் அளந்து பார்க்கிறாய் என்று தம்பி கிண்டல் செய்வான்.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தைத் தெருமுனைக்கு மாற்றப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. தம்பிக்கு அன்று முழுக்கப் பால் நுரைக்கவே இல்லை. கடையை அடைத்ததும் அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். அங்கே ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடையும், கதவு சாத்திய ஒரு சிறிய இடமும் இருந்தன. தம்பி அந்த இடத்தின் படியில் ஏறி, கதவு இடுக்கு வழியாக உள்ளே பார்த்தான். பிறகு குனிந்து, கைமுட்டியால் வாசல் தரையைத் தட்டிவிட்டு, அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்க வந்தா எவ்வளவு ஆகும்னு சொல்லு" என்றான். "குறைக்காம சொல்லு."